ஏரிக்கு எத்தனை பேர்?

ஏங்க,

நீங்க நைட் ஷிப்ட் முடிஞ்சு வர்றதுக்குள்ள நான் பேக்கரிக்குக் கிளம்பிடுவேன். சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சுட வச்சுச் சாப்பிடுங்க.

பெரிய ஏரிக்கரையில கூடாரம் போட சனி, ஞாயிறு இடம் கிடைச்சிருச்சு. நாய்க்குத் தடை இல்லையாம், நம்ம குண்டனும் வரலாம். ஆனா கயிறு ஆறடிக்கு மேல இருக்கக் கூடாதாம், தடுப்பூசிச் சீட்டையும் காட்டணுமாம். சீட்டு உங்க ரூம் அலமாரியில இருக்கு. நான் உள்ள போகலை, நீங்களே எடுத்து வைங்க.

போன்ல எத்தனை பேர்னு கேட்டாங்க. உங்களைக் கேக்காமலே ரெண்டுன்னு சொல்லிட்டேன். அதுக்கும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதீங்க. சண்டை போட்டாலாவது வீட்டுல ஒரு சத்தம் இருக்கும். மூணு வாரமா நான் பேசறதெல்லாம் குண்டன்கிட்டதான். அவனும் பாதியிலேயே கொட்டாவி விடறான்.

வரலைன்னா இதுக்குப் பின்னாலேயே எழுதி வைங்க, ஒரு ஆளுன்னு மாத்திக்கறேன். வர்றதா இருந்தா ஒண்ணும் எழுத வேணாம். நம்ம கயிறு எட்டடி. நடுவுல ஒரு முடிச்சுப் போட்டு ஆறடியாக்கி ஆணியில மாட்டி வைங்க, புரிஞ்சுக்கறேன்.

பி.கு.: நாம தனித்தனியாப் படுக்க ஆரம்பிச்சதுல இருந்து குண்டன் ரெண்டு ரூம் கதவுக்கும் நடுவுல, வெறுந்தரையிலதான் படுக்கறான். பாத்தீங்களா?

கூடாரத்துக்கு ஒரே வாசல்தான்.