நான்காம் பக்கத்தில் நான் சேர்த்த வரி

பிள்ளைப்பாக்கம்,
12.11.2025

அன்புள்ள முத்துச்செல்விக்கு,

கலைமணி அக்கா எழுதுவது. நீயும் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. என் டைப்பிங் கடை வாசலில் பைக் நின்றாலே எழுந்துவிடுகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. இதைப் போனில் பேசக் கூடாது, வாட்ஸ்அப்பில் ஒரு வரிகூடப் போடக் கூடாது என்று வக்கீல் ரஞ்சனி மேடம் கண்டித்துச் சொல்லிவிட்டார்.

விஷயம் இதுதான். நீ இங்கே கம்பெனி ஹாஸ்டலில் இருந்தபோது அந்தத் தண்ணீர் பற்றி எழுதி, பெயர் போடாமல் நம் ‘ஷிப்டு மணி’ பத்திரிகையில் ஆகஸ்ட் மாதம் வந்ததே, அதற்காக ஹாஸ்டல் நடத்தும் காண்ட்ராக்டர் அவதூறு வழக்குப் போட்டிருக்கிறார். சிவில் இல்லை, கிரிமினல். நோட்டீஸ் என் பெயருக்கு வந்திருக்கிறது. பத்திரிகையை ஆரம்பித்த என் வீட்டுக்காரர் அப்போது கம்பெனியில் உற்பத்தி லைனில் வேலை பார்த்தார். அவர் பெயர் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று ஆசிரியர், வெளியிடுபவர் இரண்டுக்கும் என் பெயரைக் கொடுத்தோம். ஒன்பது வருஷமாகக் கடைசிப் பக்கத்தின் அடியில் அதைப் பொடி எழுத்தில் நானேதான் போட்டு வருகிறேன். ஒருநாளும் நின்று படித்ததில்லை. நோட்டீஸை மூன்று தரம் புரட்டிவிட்டு அவர், “இன்னா கலை, எம் பேரு எங்கியுமே இல்ல?” என்றார். அது நிம்மதியா, வருத்தமா என்று எனக்குப் புரியவில்லை. வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

இரண்டு வருஷம் வரை சிறை என்கிறது சட்டம். நாலு பக்கப் பத்திரிகைக்கு அவ்வளவு போகாது என்று மேடம் ஆறுதல் சொல்கிறார். ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கடையைப் பூட்டிவிட்டு ஸ்ரீபெரும்புதூர் போய், பெயர் கூப்பிடும்வரை நிற்க வேண்டும். அதுவே பாதித் தண்டனை. எழுதியது உண்மை என்றால் மட்டும் போதாதாம், பொது நன்மைக்காகப் போட்டோம் என்றும் காட்ட வேண்டுமாம். அந்த உண்மையையும் கண்ணால் பார்த்தவர்கள் யாராவது வந்து சொல்ல வேண்டுமாம்.

போன வாரம் ஹாஸ்டல் மேனேஜர் ரகுபதி கடைக்கே வந்தார், கையில் ஒரு பென் டிரைவோடு. நாங்கள் போட வேண்டிய மன்னிப்பை அவர்களே டைப் செய்து வைத்திருந்தார்கள். அதைப் போட்டு, எழுதியது யார் என்றும் சொன்னால் வழக்கை வாபஸ் வாங்குவார்களாம். “உங்களுக்கு இன்னாத்துக்குக்கா வம்பு? அந்தப் பொண்ணு பேரைச் சொல்ட்டு நிம்மதியா கடையைப் பாருங்க” என்றார். இருந்த பதற்றத்தில் அதிலிருந்த எழுத்துப் பிழைகளைத் திருத்தி, பிரிண்ட் எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். பழகிய கை, என்ன செய்ய? ஆனால் உன் பெயரைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

இனி எழுதக் கை வராததை எழுதுகிறேன். புகாரில் அவர்கள் கோடு போட்டுக் காட்டியிருப்பது “இதெல்லாம் காண்ட்ராக்டருக்குத் தெரிந்தே நடக்கிறது” என்ற கடைசி வரியைத்தான். அதை நீ எழுதவில்லை. நான் எழுதினேன். பக்கம் கட்டும்போது உன் கட்டுரைக்கு அடியில் ஒரு வரி இடம் காலியாக நின்றது. வழக்கமாக அங்கே கிருத்திகைக்குச் சிறப்பு பஸ் என்று ஏதாவது துணுக்குப் போட்டு நிரப்புவேன். அன்று ஒன்றும் அகப்படவில்லை, பிரஸ்ஸுக்கு அனுப்ப நேரமாகிவிட்டது. உன் எழுத்தைப் படித்த ஆத்திரம் வேறு. டேங்கில் பல்லி மிதந்தது, பதினொரு பெண்கள் வாந்தி எடுத்தது, அப்படியே ஷிப்டுக்குப் போகச் சொன்னது என்று நீ பார்த்ததை மட்டும் எழுதியிருந்தாய். உனக்கிருந்த நிதானம் எனக்கில்லை. என்னை மன்னித்துவிடு.

நேற்றுத்தான் மேடத்திடம் சொன்னேன். நீ கையால் எழுதிய தாள்களோடு நீயும் வந்து சொன்னால் மற்றதெல்லாம் உண்மையென்று கோர்ட்டில் நிற்கும், அந்த ஒரு வரிக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். என் தப்புக்கு நான் பதில் சொல்கிறேன், அது நியாயம். ஆனால் தாளின் அடியில் உன் பெயர் இருக்கிறது. ஜனவரியில் நீ ஓசூர் கம்பெனியில் சேரப் போவதாக உன்னோடு ஹாஸ்டலில் இருந்த செல்லக்கனி சொன்னாள். கோர்ட்டில் சாட்சி சொன்ன பெண் என்றால் அங்கே எடுக்க மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும்.

அந்த மூன்று தாள்களையும் இதோடு வைத்திருக்கிறேன். என்னிடம் இருந்தால் என்றாவது பயத்தில் கொடுத்துவிடுவேனோ என்று என்மேலேயே எனக்கு நம்பிக்கையில்லை. கிழித்துப் போடுவதும் வைத்துக்கொள்வதும் உன் இஷ்டம்.

அடுத்த வாய்தா 24ஆம் தேதி, திங்கட்கிழமை. வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. நீ வராவிட்டால் சத்தியமாக எனக்கு வருத்தமில்லை. புது வேலை நல்லபடியாக அமையட்டும், அங்கேயாவது நல்ல தண்ணீர் கிடைக்கட்டும். வல்லக்கோட்டை முருகன் உன்னைக் காப்பான்.

உங்கள் ஊர் பஸ்கள் விடியற்காலையிலேயே தாம்பரத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு நேர் பஸ் உண்டு. பத்து மணியிலிருந்து நான் கோர்ட்டு வாசலில்தான் நிற்பேன். சும்மா, தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன்.

உன் அக்கா,
கலைமணி