ஆள் செலவு

4 ஆகஸ்ட் 2025, திங்கள்

இன்றும் காலை ஆறே முக்காலுக்குச் சர்வர் படுத்துவிட்டது. "தங்கச்சி, பஸ்ஸே காணோம்லா, ஆளுங்க ரோட்டுல நிக்கறாங்க" என்று பஸ் கம்பெனி லியோனார்ட் அண்ணன் போன் செய்தார். பஸ் பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. என் இணையப் பக்கத்தில்தான் காணோம்.

ஆறு வருடங்களுக்கு முன் ஒரே ஒரு பஸ்ஸுக்காக நான் செய்த இணையப் பக்கம் இது. கூலிம் ஹைடெக் பூங்காவில் இரவு வேலை முடித்து என் வீட்டுக்காரர் ஷாஹிர் வரும் தொழிற்சாலை பஸ், எங்கள் ஊர் லூனாஸுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்க்க. இன்று அறுபத்திரண்டு பஸ்கள். அக்டோபரில் இன்னும் நாற்பது சேரும், தஞ்சோங் டாவாய் வரை. இந்த வாடகைச் சர்வர் தாங்காது. பெரிதாகச் சொந்தத்தில் வாங்கலாம் என்கிறார் ஷாஹிர். பெரிதாக வாடகைக்கே எடுக்கலாம் என்கிறேன் நான். வெள்ளிக்கிழமைக்குள் ஆளுக்கொரு பட்டியல் என்று பேச்சு.

8 ஆகஸ்ட், வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து, சாப்பிட்ட கை காய்வதற்குள் பட்டியலை நீட்டினார். தொழிற்சாலையில் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்பவர் அல்லவா, கையெழுத்திலேயே ஒரு பெருமை. பழைய சர்வர் ஒன்று, புது டிஸ்க் நான்கு, கரண்டு போனால் தாங்க யுபிஎஸ், பின்னறைக்கு ஏர்கோன். எல்லாம் சேர்த்து 11,400 ரிங்கிட். அதற்கு மேல் மாதம் 260 கரண்டுக்கு. என் பட்டியலில் ஒரே வரி: மாத வாடகை 780.

"ரெண்டு வருஷத்துக்குள்ள போட்ட காசு திரும்பிடும்லா."

சரிதான். ஆனால் அவர் பட்டியலின் கடைசி வரியில் 'ஆள் செலவு: 0' என்று இருந்தது.

"இது என்ன பூஜ்யம்? டிஸ்க் செத்துப்போனா யாரு பாக்கறது?"

"நான்தான்."

"அப்ப உங்களுக்குச் சம்பளம்?"

"வீட்டு ஆளுக்கு யாராச்சும் சம்பளம் போடுவாங்களா அஃப்ஸானா?"

சிரித்துவிட்டேன்.

9 ஆகஸ்ட்

பூஜ்யத்தை அழித்து, அவர் வாங்கும் மணிச் சம்பளத்தைப் போட்டுப் பார்த்தேன். வாடகை ஜெயித்துவிட்டது. அவருக்கு அனுப்பியும் விட்டேன், மூன்று சிரிப்புப் படங்களோடு.

12 ஆகஸ்ட்

பேசமாட்டேன் என்கிறார். காலை எட்டு மணிக்கு வேலையிலிருந்து வந்தார், இடியாப்பத்தைப் பிசைந்தார், பாதியில் எழுந்துபோய்ப் படுத்துவிட்டார்.

"கோவமா மச்சான்?"

"இல்லையே."

இல்லையேவாம். கணக்குல என்ன தப்பு? ஒரு மனுஷனோட நேரத்துக்கு விலை இருக்குன்னு சொன்னது குத்தமா? மரியாதையாத்தானே போட்டேன்?

15 ஆகஸ்ட், வெள்ளி

ஷாஹிரின் அக்கா மும்தாஜ் மைனி கூலிமில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கிறார். போயிருந்தேன். சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டார்: "மெஷின் எப்ப வருது? அது வந்ததும் வேலைய விட்டுடறேன்னானே."

நான் முழித்ததைப் பார்த்துக் கரண்டியை வைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார். ஜூன் மாதம் கிளினிக்கில் ஷாஹிருக்குப் பிரஷர் அதிகம், இரவு வேலையை விடுங்கள் என்றிருக்கிறார்கள். பகல் வேலை கேட்டிருக்கிறார், இடமில்லையாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"சும்மா உக்காந்து பொண்டாட்டி சம்பாத்தியத்துல சாப்பிட முடியுமான்னான். வீட்டுல மெஷின் இருந்தா அதப் பாத்துக்க ஒரு ஆளு வேணும்ல. அதான் அவன் ஐடியா."

காரில் உட்கார்ந்து அழுதேன். வேலை கேட்டு அந்த மனிதர் போட்ட விண்ணப்பம் அந்தப் பூஜ்யம். நான் அதை அழித்துவிட்டுச் சிரிப்புப் படம் அனுப்பியிருக்கிறேன்.

16 ஆகஸ்ட்

வாங்கிவிடலாமா? வீட்டில் இருப்பார். ஆனால் இந்த ஊர் இடி மின்னலுக்கு ஒருநாள் அந்தப் பெட்டி கருகினால்? நூறு பஸ் ஆட்களும் ரோட்டில் நிற்பார்கள். இவருக்கு இருக்கும் பிரஷர் இன்னும் ஏறும்.

19 ஆகஸ்ட்

சுமை எங்கிருந்துதான் வருகிறது என்று சர்வரின் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. பஸ்கள் தரும் சுமை கொஞ்சம்தான். முக்கால்வாசி, எந்த நிறுத்தத்தையும் தேர்ந்தெடுக்காமல், ஒரே பஸ்ஸை வழி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும் போன்கள். பஸ்ஸில் ஏறப்போகிறவர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. வீட்டில் காத்திருப்பவர்கள்தான் பார்ப்பார்கள்.

ஒவ்வொரு போனும் இரண்டு விநாடிக்கு ஒருமுறை 'பஸ் எங்கே' என்று சர்வரைக் கேட்கிறது. அந்த இரண்டு விநாடி நான் எழுதியது. கல்யாணமான புதிது, மூன்று விநாடி பொறுக்க முடியவில்லை எனக்கு. அந்த அவசரத்தை இப்போது ஒன்பதாயிரம் பேருக்குக் கொடுத்து வைத்திருக்கிறேன். வெட்கமாகவும் இருக்கிறது, சிரிப்பாகவும் இருக்கிறது.

இருபது விநாடி என்று மாற்றினேன்.

20 ஆகஸ்ட்

ஆறே முக்கால் அமைதியாகக் கடந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை. இருக்கிற சர்வரே நூறு பஸ்ஸுக்கும் தாங்கும். 11,400உம் வேண்டாம், 780உம் வேண்டாம்.

சந்தோஷப்பட வேண்டும். ஆனால் மெஷின் இல்லையென்றால் எதைச் சொல்லி இவரை வீட்டில் வைப்பது?

29 ஆகஸ்ட், வெள்ளி

ஒரு வாரமாக, நான் செய்யாமல் தள்ளிப்போட்ட வேலைகளை எழுதி வைத்தேன். பக்கம் முழுக்க வந்துவிட்டது. ஓட்டுநர்களின் போனை நம்பாமல் ஒவ்வொரு பஸ்ஸிலும் இடம் காட்டும் கருவி பொருத்துவது, கெட்டுப்போனால் போய்ப் பார்ப்பது, லியோனார்ட் அண்ணனுக்குப் பதில் சொல்வது. இன்று சாப்பிட்டதும் புதுப் பட்டியலை நீட்டினேன். சர்வர்: இருப்பதே. ஆள் செலவு: மாதம் 2,900 ரிங்கிட், பகல் வேலை. புதிதாக வரும் நாற்பது பஸ் வருமானத்தில் கட்டுப்படியாகும்.

"அக்கா சொல்லிடுச்சா?"

"சொல்லிட்டாங்க. நீங்க சொல்லியிருக்கணும்."

"எனக்காகப் போட்டியா இத?"

"அந்த டிரைவருங்களோட என்னால மல்லுக்கட்ட முடியல மச்சான். எனக்கு மெஷின் வேணாம், ஆளு வேணும்."

தாளை வாங்கி 'ஆள் செலவு' வரியில் விரலை வைத்தார். "இபிஎஃப் உண்டா?" என்றார்.

"உண்டு. சொக்சோ இன்சூரன்சும் உண்டு."

"லீவு?"

"முதலாளிய அனுசரிச்சுப் போனா உண்டு."

சிரித்தார். இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது. திங்கட்கிழமை ஒரு மாத நோட்டீஸ் கொடுக்கிறார்.

12 செப்டம்பர்

கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். இனி எப்போதும் போவேன் என்று சொல்லிவிட்டேன்.

5 அக்டோபர், ஞாயிறு

பகலில் அவர் தூங்குவதற்காக அறை ஜன்னலில் கறுப்புத் துணி மாட்டியிருந்தோம். இன்று துவைக்கக் கழற்றினேன். "திரும்ப மாட்டவேணாம்" என்றார். வெயில் கட்டில் வரை வந்தது. அவர் தஞ்சோங் டாவாய் பஸ்களுக்குக் கருவி பொருத்தக் கிளம்பி, கண்ணாடி முன் நின்று சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டு காதோரமும் நன்றாக நரைத்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"மூணு வருஷம் இருக்கும்லா" என்றார்.