ஏழாம் ரவுண்டுக்கு ஜோ லூயி வரவில்லை

சேசு மரி சூசை

வண்டன்மேடு
2-12-1975

அன்புமிக்க சிலுவைராஜ் மச்சானுக்கு,

சூசையப்பன் எழுதுவது. இங்கே அன்னமேரி அக்காவும் பிள்ளைகள் இருவரும் சுகம். நானும் கை கால் அளவில் சுகம்தான். வேலூர் ஆஸ்பத்திரியில் உங்கள் நெஞ்சு எப்படி இருக்கிறது என்று டாக்டர் சொல்வதை எழுதுங்கள். நீங்கள் சொல்வதை எழுத வேண்டாம், அதை நான் நம்புவதாக இல்லை.

உங்கள் கார்டு சனிக்கிழமை வந்தது. “ஏழாம் ரவுண்டுக்கு ஜோ லூயி வரவில்லை. முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்டான். அலியே ஜெயித்ததாக வைத்துக்கொள்” என்று எழுதியிருந்தீர்கள். நம் கற்பனைக் குத்துச்சண்டையில் என் அலி ஜெயித்துவிட்டான் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பைப் பார்க்க ஆளை நிறுத்திவிட்டு, கார்டைப் பிடித்துக்கொண்டு கபிரியேல் டீக்கடைக்கு ஓடினேன். சத்தமாகப் படித்துக் காட்டி, அங்கே இருந்த அத்தனை பேருக்கும் டீ சொன்னேன். கபிரியேல் மட்டும் கார்டை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தார். “ஏலே சூசை, ஒங்க மச்சான் தோத்துட்டேன்னு என்னைக்குலே சொல்லியிருக்காரு?” என்று கேட்டார். கார்டை வாங்கி நானும் மறுபடி படித்தேன்.

அவர் கேட்டது நியாயம்தானே. ஜாக் ஜான்சனையும் ஜார்ஜ் ஃபோர்மேனையும் வாயாலேயே மோதவிட்டோமே, ஒரு மழைக்காலம் முழுவதும் நீங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. ஜீப்பில் பின்னால் மானேஜர் உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் மறந்து, ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு ஜான்சன் எப்படித் தடுப்பான் என்று இரண்டு கையாலும் காட்டியவர் நீங்கள். செத்தவன், கிழவன், இப்போது ஆடுகிறவன் எல்லாரும் அவனவன் நல்ல வயதில் ஒரே மேடைக்கு வரலாம் என்ற சட்டமும் நீங்கள் போட்டதுதான். ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு, இந்த லூயி–அலி சண்டையை ஒரு கடிதத்துக்கு ஒரு ரவுண்டு, மாற்றி மாற்றி எழுதுவோம் என்று சொன்னதும் நீங்களே. மூன்றாம் ரவுண்டில் உங்கள் லூயியின் புருவத்தை என் அலி கிழித்துவிட்டான் என்று எழுதியதற்கு, இரண்டு பக்கத்துக்கு என்னைத் திட்டினீர்கள். அப்படிப்பட்ட மனிதர் இப்போது ஒரு கார்டில் மூன்றே வரியில் சண்டையை முடித்துவிட்டால் நான் என்ன நினைப்பது?

அதே தபாலில் அக்காவுக்கும் ஒரு கடிதம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருப்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு ஆகாயத்தில் பறக்கிற சந்தோஷம். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறாள். எந்தத் தேதி வருவீர்கள் என்று கேட்டு எழுதச் சொல்கிறாள், கம்பத்துக்கு ஜீப் அனுப்ப வேண்டுமாம். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆபரேஷன் முடிந்தால் ஒரு மாதமாவது அங்கேயே இருக்க வேண்டும் என்று பெரிய டாக்டர் சொன்னபோது நீங்களும் என் பக்கத்தில்தான் நின்றீர்கள். பதினைந்தாம் தேதி ஆபரேஷன் என்றால் இருபத்தைந்தாம் தேதி எப்படி வீட்டில் இருக்க முடியும்? நீங்கள் ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்துப் போடாமல் எழுந்து வரப்போகிறீர்கள். எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு மாதம் என்ற கணக்கு தெரியாத அக்காவுக்குப் புரியவில்லை.

அன்றைக்கு டாக்டர் விவரம் சொன்னார். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலில் இருதயத்தின் வால்வு சுருங்கிவிட்டது, விலாவைத் திறந்து விரலை உள்ளே விட்டு அதை அகலப்படுத்துவோம் என்றார். நீங்கள் சிரித்தீர்கள். வெளியே வந்ததும், “மாட்டுக்குப் பிரசவம் பாக்கதுமாதிரிதாம்ல சொல்லுதாரு” என்றீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு டீ வாங்கிக் கொடுத்தேன், நீங்கள் ஒரு வாய்கூடக் குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டீர்கள். வந்த களைப்பு என்று நினைத்துவிட்டேன். எவ்வளவு பெரிய மடையன் நான்.

இரண்டு மாதம் முன்னால் மணிலாவில் அலியோடு மோதிய ஃப்ரேசியரும் கடைசி ரவுண்டுக்கு எழும்பவில்லையே என்று நீங்கள் கேட்பீர்கள். பேப்பரில் நானும்தான் படித்தேன். அவன் எழும்பத்தான் பார்த்தான். கண் வீங்கி மறைந்துபோனவனை இனி அனுப்ப மாட்டேன் என்று அவன் மூலையில் நின்ற கோச் நிறுத்திவிட்டார். உங்கள் மூலையில் யார் போதும் என்று சொன்னார்கள்? டாக்டர் சொன்னாரா, அக்கா சொன்னாளா? இப்படியே விட்டால் அடுத்த மழைக்காலத்தைத் தாண்டுவது சந்தேகம் என்றுதான் டாக்டர் சொன்னார். ஜூலையில் பாலத்துக்குப் பக்கத்தில் ஜீப்பை நிறுத்தி ரத்தமாகத் துப்பினீர்கள். அக்காவிடம் சொல்லாதே என்றீர்கள். இந்த நிமிஷம் வரை நான் சொல்லவில்லை.

நிஜச் சண்டையில் பிராடக்கிடம் உங்கள் லூயி முதல் ரவுண்டிலேயே கீழே விழுந்தான். எழுந்து எட்டாவது ரவுண்டில் அவனைச் சாய்த்தான். இதை எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள், காது புளித்துப் போகும் அளவுக்கு. நம்முடைய சண்டையில் யாருக்கும் ரத்தம் வருவதில்லை, அதனால் நமக்கு வாய் நீளம். இப்போது சொந்த உடம்புக்கு என்று வந்ததும் உங்களுக்குப் பயம் வந்திருக்கிறது. அதில் என்ன வெட்கம் மச்சான்? எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்கால் போட்டவன் என்ன ஜெபம் சொன்னேன் என்றே எனக்குத் தெரியவில்லை. அக்காவையும் பிள்ளைகளையும் நினைத்து மட்டும் இதை எழுதவில்லை. நீங்கள் போய்விட்டால், நான் சொல்வதைத் தப்பு என்று சொல்ல இந்த மலையில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? எல்லாரும் நான் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, ஆமாம் சூசை, ஆமாம் சூசை என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இதுவரை காலையில் எழுதியது. இதற்கு மேல் எனக்கு எழுத ஓடவில்லை. மத்தியானம் எழுந்து போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாலத்தில் நடந்ததையும் சொன்னேன். என்மேல் கோபப்படுங்கள், பரவாயில்லை.

அவள் சுண்ணாம்பு மட்டையோடு அப்படியே நின்றாள். அழவில்லை. “அவுகளுக்குப் பயமா?” என்றுதான் கேட்டாள். நீங்கள் பயப்படுவீர்கள் என்று இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தோன்றியதே இல்லை போலிருக்கிறது. பிறகு, “பயந்துக்கிட்டு இருக்க மனுசனத் தனியா விட்டுட்டு, நான் இங்கன செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சிட்டு இருக்கேனே” என்றாள். மட்டையை வாளியில் போட்டாள். பாதிச் சுவர் வெள்ளையாகவும் பாதிச் சுவர் பழசாகவும் அப்படியே கிடக்கிறது.

அக்கா புறப்பட்டு வருகிறாள். நானும் கூட வருகிறேன் என்றேன். “நீ பிள்ளையளப் பாரு, எனக்கு வாய் இருக்கு, வழி கேட்டுப் போயிக்கிடுதேன்” என்றுவிட்டாள். எஸ்டேட்டில் வெள்ளிக்கிழமை வேலை முடிந்த பிறகுதான் அவளுக்கு லீவு கொடுப்பார்களாம். சனிக்கிழமை கம்பம் மெட்டு மலைப்பாதை வழியாக இறக்கி, மதுரை வரை கொண்டுபோய் நானே ரயில் ஏற்றிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை எக்ஸ்பிரஸ் தபாலில் போடுகிறேன், அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடும் என்ற நம்பிக்கையில்.

கையெழுத்தைப் பற்றி இனி நான் பேசவில்லை. அதை அவளிடம் பேசிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வரை வார்டை விட்டு இறங்காதீர்கள், அவ்வளவுதான் கேட்கிறேன். அக்கா கம்பத்துக்கு அப்பால் தனியாகப் போனதில்லை. ராத்திரி முழுக்கத் தூங்காமல் ரயிலில் வந்து, காட்பாடியில் இறங்கி, ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டு அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டில் முன்னால் வந்து நிற்பாள். அப்போது அந்தக் கட்டிலில் வேறு யாரும் படுத்திருக்கக் கூடாது மச்சான்.

வேளாங்கண்ணி மாதா அதுவரை உங்களைப் பிடித்து உட்கார வைத்திருக்கட்டும்.

உங்கள் வாய்க்குப் பயந்தே வளர்ந்த மைத்துனன்,
சூசையப்பன்