மூன்று வார்த்தை

வெள்ளிக்கிழமை, மார்ச் 1998

எழுதினாலாவது கோபம் அடங்குமா பார்க்கிறேன்.

அடையாறில் ஸ்கூலில் பாடம் நடத்திவிட்டு பஸ்ஸில் திருவல்லிக்கேணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பேனா விழுந்ததென்று குனிந்தபோதுதான் என் சீட்டுக்கு அடியில் ஒரு ரெக்ஸின் பை இருப்பதைப் பார்த்தேன். கோவையில் குண்டு வெடித்ததிலிருந்து ஊரே பயத்தில் கிடக்கிற நேரம். கத்திவிட்டேன். கண்டக்டர் விசிலடித்து எல்லோரையும் இறக்கினார். கான்ஸ்டபிள் வந்து திறந்தார். இரண்டு வேட்டி, ஒரு பஞ்சாங்கம். யாரோ மறந்துவிட்டுப் போனது.

ரோட்டில் நின்றபோது பின் சீட்டு அம்மாள் மெதுவாகச் சொன்னாள்.

"லஸ் ஸ்டாப்லயே பார்த்தேம்மா. ஒரு ஆளு வச்சிட்டு எறங்கிட்டாரு."

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீங்க பர்தா போட்டிருக்கீங்க. பையைப் பத்திப் பேசினா உங்களைச் சந்தேகப்படறோம்னு மனசு புண்படுமேன்னுதான்…"

பக்கத்தில் இரண்டு பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவர்களும் பார்த்திருக்கிறார்கள்!

"வெடிச்சிருந்தா மொதல்ல போறது நான்தானேம்மா?" என்றேன். அவள் என் கையைப் பிடித்தாள். உதறிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

பிள்ளைகள் பாத்திமாவும் அப்துலும் சாப்பிடும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"கீழே பை இருக்கும்மா." மூன்றே வார்த்தை. சொன்னால் நான் கோபித்துக்கொள்வேன் என்று இவர்களுக்கு யார் சொன்னது?