இப்போ, அப்பா

மினசோட்டா,
ஏப்ரல் 4, வியாழன்

அன்புள்ள மாரென் அக்காவுக்கு,

சிக்னி எழுதுகிறேன். நலமாக இருக்கிறாயா? ஒமாஹாவில் பனி உருகிவிட்டதா? இங்கே ஓடுபாதை ஓரத்தில் இன்னும் குவிந்து கிடக்கிறது. பள்ளிக்கூடத்தை விட்டபின் இந்த விமானத்திடல் அலுவலகத்தில்தான் இருக்கிறேன். பெட்ரோல் போடுகிறேன், காபி போடுகிறேன். போனில் எனக்கு வார்த்தை வராதென்று உனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம்.

அப்பா மஞ்சள் விமானத்தை விற்றுவிட்டு வெள்ளையாக ஒன்று வாங்கியிருக்கிறார். அதுவும் இலகு விமானம்தான், ஆனால் வேகம் அதிகம். லைசென்ஸ் இரண்டுக்கும் ஒன்றுதான். இன்சூரன்ஸ்காரர்கள்தான் விடவில்லை. பழையதில் எத்தனை மணி நேரம் பறந்திருந்தாலும் செல்லாதாம். இதே வகை விமானத்தில் பயிற்சியாளரோடு ஐந்து மணி பறந்து, அவர் கையெழுத்துப் போட்டால்தான் தனியாகப் பறக்கலாமாம்.

"ஆயிரத்து நூறு மணி பறந்தவனுக்கு அஞ்சு மணி டியூஷனா? நான் என்ன சின்னப் பாப்பாவா?" என்று அப்பா கத்தினார். கையெழுத்து இல்லாவிட்டாலும் மே மாதம் பறப்பேன் என்கிறார்.

இந்த வகை தெரிந்த பயிற்சியாளர், எனக்குத் தெரிந்து, நீ ஒருத்திதான். வருவாயா?

நீ முதன்முதலாகத் தனியாகப் பறந்த அன்று அப்பா விமானிகளின் வழக்கப்படி உன் சட்டையின் பின்பக்கத்தை வெட்டிச் சுவரில் மாட்டினாரே, நீ வேறு ஊரில் வேலைக்குப் போனதும் கோபத்தில் எண்ணெய் துடைக்கப் போட்டாரே, அந்தத் துணியைத் துவைத்து மறுபடி மாட்டியிருக்கிறேன். கறை போகவில்லை. அப்பா பார்த்தார். கழற்றவில்லை.

உன் தங்கை,
சிக்னி


ஒமாஹா,
ஏப்ரல் 12

சிக்னிக் குட்டி,

வருகிறேன். உனக்காக மட்டும். அந்த மனுஷரிடம் சொல்லிவை: "விமானத்துக்குள்ள நான் மக இல்ல, வாத்தியார். மேடம்னுதான் கூப்பிடணும்." ருபார்ப் தண்டு வைத்துச் சுடுவாயே, அந்த இனிப்புப் பை செய்து வை. அது இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடுவேன்.

மாரென்


ஒமாஹா,
ஏப்ரல் 28

சிக்னி,

சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. உன் ருபார்ப் பை நன்றாக இருந்தது.

நான்கு மணி நேரம் பன்னிரண்டு நிமிடம் பறந்தோம். மேலே இருக்கும்வரை அவர் கையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தரை நெருங்கும்போதுதான் தடுமாறுகிறார். எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்றே தெரியவில்லை. ஆறு தடவை நான்தான் பிடித்து இறக்கினேன்.

ஏழாவது தடவை காதில் மாட்டியிருந்த ரேடியோவில் மெல்லிய குரல் கேட்டது. "பத்தடி... அஞ்சடி... இப்போ, அப்பா." அந்த ஒரு தடவை மட்டும் சக்கரம் தரை தொட்டதே தெரியவில்லை.

"யாருப்பா அது?" என்றேன். "ரேடியோ இரைச்சல், மேடம்" என்கிறார்!

நீதானே? எத்தனை நாளாக?

கண் டாக்டரிடம் போகச் சொன்னேன். "கார் லைசென்ஸ் இருக்குல்ல, அது போதும்" என்றார். இலகு விமானத்துக்குச் சட்டப்படி போதும்தான், தனியாக மருத்துவச் சான்று கேட்பதில்லை. நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீயும் இனி அந்த ரேடியோவைத் தொடாதே.

மாரென்


மினசோட்டா,
மே 9, வியாழன்

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு வருடமாக. முதலில் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. ஓடுபாதை ஓரமாக நின்று கைரேடியோவில் நான் உயரம் சொல்வேன், அப்பா சிரிப்பார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நான் வராத நாட்களில் அவர் பறக்கவில்லை. யாரிடமும் பேச வராத எனக்கு அதில் மட்டும் பேச்சு வந்தது. உன்னிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வரமாட்டாயோ என்று பயம்.

பேசாதே என்று எழுதியிருந்தாய். பேசாவிட்டால் இடித்துவிடுவார். பேசினால் பறந்துகொண்டே இருப்பார். நான் என்ன செய்ய, அக்கா?

போன சனிக்கிழமை காலை, கையெழுத்தும் இன்சூரன்ஸும் இல்லாமல், வெள்ளை விமானத்தில் தனியாக ஏறி உட்கார்ந்தார். நான் ரேடியோவின் பேட்டரியைக் கழற்றி மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கிளம்பும் முன் ரேடியோவில் என்னைக் கூப்பிட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். குரல் வராவிட்டால் போகமாட்டார் என்று நினைத்தேன்.

போகவில்லை. ஓடுபாதை முனையில் இன்ஜின் ஓட, நாற்பது நிமிடம் அப்படியே இருந்தார். நான் அலுவலக ஜன்னலில் நின்றேன். கண்ணாடிக்குள் அவர் வாய் அசைவது தெரிந்தது. என் பெயர்தான். நிறுத்திவிட்டு மறுபடி கூப்பிடுவார். பேட்டரி என் கைக்குள் சூடாகிவிட்டது.

பிறகு இன்ஜின் நின்றது. நடந்து உள்ளே வந்தார்.

"காபி இருக்கா?"

ஊற்றிக் கொடுத்தேன். பாதி குடித்தார்.

"பேட்டரி போயிடுச்சாம்மா?"

"ஆமாப்பா."

"சரி. அடுத்த சனிக்கிழமைக்குள்ள சார்ஜ் போட்டு வச்சிடு. இல்லாட்டியும் பாத்துக்கலாம். ஏறிட்டா இறங்கித்தானே ஆகணும்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நேற்று உனக்கு மூன்று தடவை போன் வந்திருக்கும். "யாரு? யாரு பேசறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். நான்தான் அக்கா.

இன்று வியாழன். நாளை மறுநாள் சனிக்கிழமை. இந்தக் கடிதம் உனக்குத் திங்கட்கிழமைதான் வந்து சேரும்.

சிக்னி