அப்பா புகைய வைத்த ஆம்ப்ளிஃபயர்

கிள்ளான்,
ஆகஸ்டு 24

என் செல்ல மகள் லோஷினிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம், அப்பாவின் சர்க்கரை மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது, அந்த மெல்பர்ன் குளிரில் நீ நல்லபடியாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். புஷ்பவல்லி ஆன்டி தன் மகனைப் பார்க்க அங்கே வருவதால் முறுக்கோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்து அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை போனில், அங்கே நிரந்தரமாகத் தங்கப் போடும் பிஆர் படிவத்தில் அம்மாவின் தொழில் கேட்கிறார்கள், "ஹவுஸ்வைஃப்னு போட்டுடவாம்மா?" என்று கேட்டாயே, அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அதற்குப் பதில் சொல்லும் முன் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், அப்பாவைத் திட்டக்கூடாது.

உன் முதல் சம்பளத்தில் வாங்கினாயே, கித்தாருக்கான டியூப் ஆம்ப்ளிஃபயர், அது கெட்டுவிட்டது. ஆடித் திருவிழாவில் கோயில் ஸ்பீக்கர் மக்கர் பண்ணியதும் கோயில் தலைவர் அய்யாவு உதவி கேட்டாராம், உன் அப்பாதான் கர்ணன் பரம்பரை ஆயிற்றே, உன் ஆம்ப்ளிஃபயர் பெட்டியிலிருந்து ஸ்பீக்கரைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். மறுநாள் மிச்சப் பெட்டி ஓடுகிறதா என்று பார்க்க ஆன் பண்ணி, கித்தாரையும் சொருகி, சத்தம் வரவில்லையே என்று வால்யூமை முழுசாகத் திருப்பியிருக்கிறார் மனுஷன். சத்தம் எங்கிருந்து வரும், ஸ்பீக்கர்தான் கோயிலில் இருக்கிறதே! டியூப் பெட்டியை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டவே கூடாதாம், புகை வந்துவிட்டது. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை, "இடி விழுந்துச்சுன்னு சொல்லிடலாமா?" என்று என்னிடமே யோசனை கேட்கிறார்.

ஸ்பீக்கரைக் கோயிலிலிருந்து வாங்கிக்கொண்டு, பெட்டியையும் தூக்கிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் போனோம். ரிப்பேர் கடைக்காரர் கமலநாதன் திறந்து சோதித்தார். ஒரு டியூப், பக்கத்தில் ஒரு ரெசிஸ்டர், அவ்வளவுதான் போனது, டிரான்ஸ்பார்மர் தப்பியது உங்கள் நல்ல நேரம் என்றார். ஆனால் உள்ளே எல்லாம் கையாலேயே ஈயம் வைத்துச் சேர்த்த ஒயர்கள், கண் ஆபரேஷனுக்குப் பிறகு தனக்கு அந்தப் பொடி வேலை முடியவில்லை, வேறு ஆளும் இல்லை, "வச்சிட்டுப் போங்க, பார்க்கலாம்லா" என்றார். அப்பா முகம் செத்துவிட்டது. எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, "சோல்டரிங் அயர்னக் கொடுங்க பாஸ், நான் வைக்கிறேன்" என்றேன். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா சொன்னார், "குடுங்க, இருபத்தோரு வருஷம் சுங்கைவே எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரில இவ அதான் செஞ்சா." வெளியாள் முன்னால் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அணைத்த பிறகும் உள்ளே கரண்டு தங்கி நிற்குமாம், கமலநாதன் அதை வடித்துவிட்டுத்தான் தொடவிட்டார். பதினொரு வருஷமாக அயர்னைப் பிடிக்காத கை, ஆனாலும் ஒன்றையும் மறக்கவில்லை. புது ரெசிஸ்டரை வைத்தேன், கருகிய ஒயர்களை மாற்றினேன். அப்போதுதான் கித்தார் ஒயர் சொருகும் இடத்தில் முன்பு நீயே ரிப்பேர் பார்த்து வைத்த ஈயம் கண்ணில் பட்டது. அடிப் பாவி, பளபளப்பே இல்லாமல் கட்டி கட்டியாக! என்ஜினியரிங் படித்த கை, என் லைனில் இருந்திருந்தால் ரிஜெக்ட் தட்டில் போட்டிருப்பேன். அதையும் உருக்கி எடுத்துத் திரும்ப வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. கமலநாதன் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார், ஒன்றிலும் குறை சொல்லவில்லை.

புது டியூப் போட்டு, ஸ்பீக்கரை மாட்டி, ஆன் பண்ணினோம். கொஞ்ச நேரத்தில் டியூப் செவசெவ என்று எரிந்தது, அப்பா கித்தாரை ஒரு தட்டு தட்டினார், கடையே அதிர்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது லோஷினி. இருபத்தோரு வருஷம் எத்தனை ஆயிரம் ஈயம் வைத்திருப்பேன், எல்லாம் பெல்ட்டில் போய்விடும், நான் செய்த ஒன்று பேசி நான் கேட்டதே இல்லை. அன்றைக்குத்தான் கேட்டேன். ரொம்பப் பெருமையாக இருந்தது, இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

தீபாவளிக்கு வந்து நீயே வாசித்துப் பார். வேளைக்குச் சாப்பிடு, தலை ஈரத்தோடு வெளியே போகாதே. நீ நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும்.

அன்பு அம்மா,
அமுதவள்ளி

மறக்காதே: படிவத்தில் ஹவுஸ்வைஃப் என்று போடாதே, சோல்டரிங் ஆப்பரேட்டர் என்று போடு. இப்போதும் வேலையில் இருக்கிறாரா என்று கேட்டால் ஆமாம் என்று போடு. கமலநாதன் கடை, செவ்வாயும் வியாழனும்.