டிஸ்க் படிக்காத கேம் பெட்டி

ஞாயிறு, இரவு.

பைக்கிலிருந்து விழுந்ததிலிருந்து இவருக்கு வலது கைவிரல்கள் சரியாக மடங்குவதில்லை. டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தைத் தொடவே மாட்டேன் என்கிறார். காலேஜ் நாளில் வாங்கிய பழைய வீடியோ கேம் பெட்டியைத்தான் கேட்டார். அதுவோ டிஸ்க்கைச் சுற்றுகிறது, படிக்க மாட்டேன் என்கிறது.

அரியலூர் கடைக்காரர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "இதுக்கெல்லாம் இப்ப பார்ட்ஸ் வரதில்லக்கா, தூக்கிப் போட்டுடுங்க" என்றார். நான் போடுவதாக இல்லை. இன்று காலை நானே திறந்தேன். டிஸ்க்கைப் படிக்கும் லென்ஸைப் பஞ்சால் துடைத்துப் பார்த்தேன், பயனில்லை. லென்ஸ் நகரும் பிளாஸ்டிக் தடம் தேய்ந்துபோய், லென்ஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"விடு சுமதி, அது செத்துப்போச்சு" என்றார் இவர்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

சாய்ந்ததை மறுபக்கம் விழவைக்கலாமே என்று பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். நான்காவது தடவை ஆன் செய்தபோது டிவி திரையில் கார் பந்தயம் வந்துவிட்டது!

அரைமணி நேரம் ஆடினார். எல்லாவற்றிலும் தோற்றார். வலியில் கண் கலங்கியும் பட்டனை விடவில்லை. கட்டைவிரல் மடங்கியதை அவர் கவனிக்கவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவாரோ என்று நானும் சொல்லவில்லை.

படுக்கப் போகும்போது, "அதை நிமுத்திடாத, அப்படியே கவுந்து கெடக்கட்டும்" என்றார்.